புதுப்பிப்பு: நிலக்கரி வேகனில் படிந்த வெள்ளைப் படலம்

டர்பனின் பிப்ரவரி ஈரக்காற்றில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்ததும் என் எச்.ஓ. அளவு (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) மாதிரி ரயிலின் நிலக்கரி வேகன் வெளுத்துப்போனதைப் போன தடவை சொல்லியிருந்தேன். பெயின்ட்டை உரிக்க வேண்டியிருக்கவில்லை, வேகன் பிழைத்துவிட்டது.

கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் படிந்து வார்னிஷுக்குள் சிக்கிக்கொள்கிறது. வெளுப்புக்கு அதுதான் காரணம். உலர்ந்த நாளாகப் பார்த்து, அதே வகைக் கரைப்பான் உள்ள பளபளப்பு வார்னிஷை 25 செ.மீ. தள்ளி மெல்லிசாக ஒரு கை அடித்தால் பழைய படலம் இளகித் தெளிந்துவிடும். ஒரு நாள் காயவிட்டு, பிறகு மேட். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் வார்னிஷ் ஸ்ப்ரே டப்பாவைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது, வேகன் நிஜமாகவே கரி சுமந்ததுபோல் தெரியக் கரித்தூள். கறுப்பு பாஸ்டல் குச்சியை (சாக்பீஸ் போன்ற வண்ணக் குச்சி) உப்புத்தாளில் தேய்த்து எடுத்த பொடியே போதும். மேலே அடிக்கும் வார்னிஷ் அதில் பாதியை விழுங்கிவிடும், அதனால் கண்ணுக்கு மிகையாகத் தெரியும் அளவுக்குப் பூசுங்கள்.

எங்கே பூசுவது என்பதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். 1976இல் திறந்த, தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்குப் போகும் நிலக்கரித் தடத்தின் வேகன்களை அப்படியே கவிழ்த்துத்தான் கொட்டுகிறார்கள். ஆகவே மேல்விளிம்பும் உட்சுவரும்தான் கறுக்கும். போகியில் (வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) கறுப்பு வேண்டாம். அங்கே பிரேக் தூளின் செம்பழுப்பு.

சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் வளையத்தில் பொடியோ வார்னிஷோ ஒட்டியிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள். ஆனால் அந்தத் துளி மேட் பூச்சில் பட்டால், மறுபடி வெள்ளைதான்!