1:24 டிப்பர் மாடலுக்கு ஏர் எரேசர் ஆகுமா? பெயின்ட் தேய்ந்த தோற்றம் வரவே மாட்டேங்குது

திருச்செங்கோட்டுக்காரன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. 1:24 அளவில், அதாவது நிஜ வண்டியில் இருபத்து நாலில் ஒரு பங்காக, ஒரு டிப்பர் செய்துகொண்டிருக்கிறேன். கேபின் கடையில் விற்கிற மாடல் கிட்டில் வந்தது, பின்னாலுள்ள பாடி முழுக்க ஸ்டைரீன் என்கிற பிளாஸ்டிக் ஷீட்டில் நானே வெட்டி ஒட்டியது. எங்கள் பக்கம் கிரஷருக்கு ஓடுகிற வண்டி மாதிரி பெயின்ட் தேய்ந்து, அங்கங்கே இரும்பு தெரிய வேண்டும். ஸ்பாஞ்சில் பெயின்ட் தொட்டு ஒற்றுவது, ஹேர் ஸ்ப்ரே அடித்துத் தண்ணீரில் சுரண்டுவது இரண்டும் பழக்கம்தான். சின்ன உரிசலுக்கு அது போதும், ஆனால் ஜல்லி சரிந்து சரிந்து மழமழவென்று ஆன இடம் அதில் வருவதில்லை, சொறி பிடித்த மாதிரித்தான் நிற்கிறது. ஏர்பிரஷ் போலவே பேனா வடிவில், பவுடரைக் காற்றோடு பீய்ச்சுகிற ஏர் எரேசர் விற்கிறார்களே, அதை வாங்கலாமா? என்னிடம் இருப்பது ஏர்பிரஷுக்கு வாங்கின சின்ன கம்ப்ரஸர். எந்தப் பவுடர், எவ்வளவு பிரஷர்? எம்-சாண்டைச் சலித்துப் போட்டால் ஆகாதா என்று பக்கத்துப் பட்டறையில் கேட்கிறார்கள்.

பீளமேடு பட்டறை:
எம்-சாண்டும் வேண்டாம், ஆற்று மணலும் வேண்டாம் தம்பி. இரண்டிலும் சிலிக்கா இருக்கிறது, அடிக்கும்போது நொறுங்கிக் கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலில் போய் உட்காரும். சிலிகோசிஸ் வந்தால் திரும்பப் போகாது, கோயமுத்தூரில் ஃபவுண்டரி பக்கம் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்.

உங்கள் வேலைக்கு இரண்டு பவுடர் போதும். பிளாஸ்டிக் மேல் இருக்கிற பெயின்டுக்குச் சமையல் சோடா, அதாவது ஆப்ப சோடா. பேக்கிங் பவுடர் அல்ல, அதில் மாவு கலந்திருக்கும், கட்டி கட்டும். உலோகத்துக்கு அலுமினியம் ஆக்சைடு, துகள் 50 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. இதற்கு ஆன்லைனில் தேடி அலைய வேண்டாம், பல் செட் செய்கிற லேபுகளில் இதே பவுடரைத்தான் தினமும் அடிக்கிறார்கள், டென்டல் சாமான் விற்கும் கடையில் கேட்டால் கிடைக்கும். சோடாவுக்கு 25, 30 பிஎஸ்ஐயில் ஆரம்பித்து, மற்றதைக் கையின் தூரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், நாலு விரல் தள்ளிப் பிடித்தால் மெல்லத் தேயும், கிட்டே போனால் குழி விழும். ஆக்சைடைப் பிளாஸ்டிக்கில் காட்டவே காட்டாதீர்கள், ரிவெட் எல்லாம் போய்விடும்.

கம்ப்ரஸர்தான் சிக்கல். ஏர்பிரஷ் கம்ப்ரஸர் நிமிடத்துக்கு 20 லிட்டர் சொச்சம்தான் தள்ளும், எரேசர் அதைவிட நிறையக் கேட்கும். டேங்க் வைத்த 1 எச்பியாவது வேண்டும். அப்புறம் சாதா ஏர்பிரஷில் பவுடரைப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம், ஊசியும் நாஸிலும் அன்றைக்கே முடிந்தது.

சங்ககிரி லோடு:
அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனால் தம்பி கேட்ட இரும்பு எங்கிருந்து வரும்? பிளாஸ்டிக் பாடியில் பெயின்டைத் தேய்த்தால் கீழே பிளாஸ்டிக்தான் தெரியும். அடியிலேயே இரும்பைப் போட்டுவிட வேண்டும். முதலில் கருப்பு லாக்கர் (தின்னரில் கரைகிற பெயின்ட்), மேலே ஸ்டீல் நிற லாக்கர், நன்றாகக் காய்ந்ததும் ஒரு கிளியர் லாக்கர். அதற்கு மேல் துரு நிறம், கடைசியாக வண்டி நிறம், இந்த இரண்டும் வாட்டர் பேஸ் அக்ரிலிக்கில். சோடா மேலே உள்ள அக்ரிலிக்கை எடுக்கும், லாக்கரில் வந்து நிற்கும். நடுவில் இருக்கிற துரு மெல்லிய ஓரமாகத் தங்கும், அது தானாக அமைவது, பிரஷ்ஷில் வரைந்தால் வராது.

இன்னொன்று, எங்கே தேய்ப்பது என்பது மிஷினைவிட முக்கியம். எங்கள் ஊர் ரோட்டோரம் நிற்கிற டிப்பர் ஒன்றில் ஏறிப் பாருங்கள், டிரைவர் அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான். தரைத் தகடு பின் டோர் பக்கம் வெள்ளி மாதிரி மின்னும், லோடு முழுக்க அதன் மேல்தானே சரிகிறது. கேபின் பக்கத்து இரண்டு மூலையிலும் ஈர மண் அப்பிக் கிடந்து துரு ஏறியிருக்கும், அங்கே பளபளப்பு இருக்காது. பக்கப் பலகையின் மேல் விளிம்பு பொக்லைன் பக்கெட் இடித்து இடித்து நெளிந்து, அந்த நெளிவின் மேட்டில் மட்டும் பெயின்ட் போயிருக்கும். வெளிப்பக்கம் பெரிதாக ஒன்றும் தேயாது, வெயிலில் வெளிறும், அவ்வளவுதான். நிறையப் பேர் வெளிப்பக்கத்தைப் போட்டு உரித்து வைத்துவிட்டு உள்ளே புதுசாக விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். எரேசரைக் கேபின் பக்கத்திலிருந்து பின் டோரை நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். ஜல்லி போகிற திசை அதுதான், தகட்டில் ஒட்டுப் போட்ட இடம் இருந்தால் அதன் ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் நிறம் நிற்கும்.

மேட்டுப்பாளையம் மீட்டர்கேஜ்:
1:24 என்பதால் பிழைத்தீர்கள். 50 மைக்ரான் துகள் உங்கள் அளவில் நிஜத்துக்கு 1.2 மில்லிமீட்டர், என் 1:87 ரயிலில் 4 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும், சொரசொரப்பு கண்ணில் உறுத்தும். அதனால் நான் தேய்மானத்துக்கு இதைத் தொடுவதில்லை, பித்தளை இன்ஜினுக்கு பிரைமர் அடிக்கும் முன் மட்டும்தான். மோட்டார், சக்கரம், கரன்ட் எடுக்கிற தகடு எல்லாம் கழற்றிவிட்டு ஆக்சைடு அடித்தால் பித்தளை மங்கி ஒரே சீராக வரும், பிரைமர் கெட்டியாகப் பிடிக்கும். அதன் பிறகு வெறும் கையால் தொடக் கூடாது.

டிப்பர்காரருக்கு ஒன்று, கேபின் கண்ணாடியை முதலிலேயே கழற்றி வையுங்கள், ஒரு வீச்சுப் பட்டாலே பால் மாதிரி ஆகிவிடும். மறைக்க வேண்டிய இடத்துக்குப் பேப்பர் டேப் ஆகாது, எலக்ட்ரீஷியன் சுற்றுகிற இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். கெட்டியானதைத்தான் பவுடர் அரிக்கும், ரப்பர் மாதிரி இழுபடுவதில் பட்டுத் தெறித்துப் போய்விடும்.

திருச்செங்கோட்டுக்காரன்:
ரொம்ப நன்றிங்க. தரையை மட்டும் எண்ணெய் டின் தகரத்தில் வெட்டிப் போட்டால் என்ன? நிஜ இரும்பே வந்துவிடுமே. வீட்டுக்குள் அடிக்கலாமா?

பீளமேடு பட்டறை:
தாராளமாக. தகரத்தின் மேல் வெள்ளீயப் பூச்சு இருக்கும், ஆக்சைடை 40, 50 பிஎஸ்ஐயில் அடித்தால் அது போய் வெறும் இரும்பு தெரியும். மூலையில் உப்புத் தண்ணீர் தொட்டு வைத்தால் மறுநாளே நிஜத் துரு. போதும் என்றதும் கழுவிக் காயவைத்து மேட் கிளியர் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்குள் என்றால் பெட்டி கட்டாமல் வேண்டாம். பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் மூடியில் அக்ரிலிக் ஷீட், பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டு ரப்பர் கையுறை, பின்னால் வேக்குவம் குழாய். வேக்குவத்தில் நல்ல ஃபில்டர் பை இருக்க வேண்டும், ஆக்சைடு மோட்டாருக்குள் போனால் பேரிங்கைத் தின்றுவிடும். பெட்டி இருந்தாலும் மூக்குக்கு மாஸ்க் போடுங்கள், துணி மாஸ்க் அல்ல. சோடா அடித்த பாகத்தை வினிகர் கலந்த தண்ணீரில் கழுவி அப்புறம் நல்ல தண்ணீரில் அலசுங்கள், இல்லையென்றால் அடுத்த பெயின்ட் பூச்சின் அடியில் வெள்ளை பூக்கும்.

திருச்செங்கோட்டுக்காரன்:
சரிங்கண்ணா. கம்ப்ரஸருக்குத் தெரிந்தவர் பஞ்சர் கடை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அங்கேயே போய் அடித்துவிடலாம் என்று இருக்கிறேன். மழைக்காலத்தில் சோடா கட்டி கட்டினால் வாணலியில் வறுத்துக்கொள்ளலாமா?

சங்ககிரி லோடு:
ஆக்சைடை வறுக்கலாம், சோடாவை வறுக்கக் கூடாது, சூட்டில் அது வேறு உப்பாக மாறிவிடும். சலித்து மட்டும் போடுங்கள். பஞ்சர் கடைக் காற்றில் தண்ணீரோடு எண்ணெயும் வரும். முதலில் டேங்கின் அடி வால்வைத் திறந்து வடித்துவிட்டு, வெள்ளைப் பேப்பரில் கொஞ்ச நேரம் காற்றடித்துப் பாருங்கள். கறை விழுந்தால் ஃபில்டர் மாட்டாமல் மாடலைக் காட்டாதீர்கள், எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் நிற்காது.