பயாஸ் புதுப்பித்தல், விண்டோஸ் மறுநிறுவல்: எதை முதலில் செய்வது?

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2019-இல் வாங்கிய என் மடிக்கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டதால், வட்டை முழுவதும் அழித்து விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவ எண்ணியிருக்கிறேன். பயாஸை (கணினியைத் தொடக்கி வைக்கும், மதர்போர்டில் உள்ள அடிப்படை மென்பொருள்) அதற்கு முன் புதுப்பிப்பதா, பின் புதுப்பிப்பதா என்பதே முதல் ஐயம். புதுப்பிப்பு நிரல் விண்டோஸுக்குள்ளிருந்தே இயங்குவது என்பதால், இப்போது ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது என்று படுகிறது.

வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரை முதலில் இடைநிறுத்த வேண்டும் என்பது தெரியும். அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவியையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, இருமுறை சரிபார்த்து வைத்திருக்கிறேன். தயங்க வைப்பது பேட்டரிதான். சார்ஜரைக் கழற்றினால் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டே போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்துச் செய்தவர்கள் உண்டா?

அடுத்தது ஆக்டிவேஷன், அதாவது விண்டோஸ் உரிமத்தை உறுதிப்படுத்துவது. கணினியோடு வந்தது விண்டோஸின் ஹோம் பதிப்பு. அதன் உரிமச் சாவி பயாஸிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. பிறகு பணம் கட்டி புரோ பதிப்புக்கு மாறினேன். அந்த டிஜிட்டல் உரிமம் மதர்போர்டை அடையாளமாகக் கொண்டு மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருப்பதால், பயாஸ் புதுப்பிப்பால் அது போகாது என்றே நம்புகிறேன். ஆனால் நிறுவும் நிரல், எந்தப் பதிப்பு என்று கேட்காமலே பயாஸில் உள்ள சாவியைப் படித்து ஹோமை நிறுவிவிடும் என்பதுதான் சிக்கல். இதைத் தவிர்க்க, நிறுவல் பென்டிரைவின் சோர்சஸ் ஃபோல்டரில், எந்தப் பதிப்பை நிறுவுவது என்று குறிக்கும் இஐ.சிஎஃப்ஜி (ei.cfg) கோப்பை வைத்தால் போதுமா, அல்லது ஹோமை நிறுவிய பின் புரோவுக்கு மாற்றிக்கொள்வது எளிதா? செய்து பார்த்தவர்கள், எந்த வரிசையில் செய்தீர்கள் என்று எழுதினால் பேருதவியாக இருக்கும்.