ஜப்பானின் டோஆய் ரயில் நிலையம்: இறங்கியவர்கள் சொல்லுங்கள்

#1
நாகாவோகா போகும் ரயில் நம்மைத் தரைக்கடி நடைமேடையில் இறக்கிவிட்டுச் சுரங்கத்துக்குள் போய்ச் சத்தம் அடங்கினதும், திரும்பிப் படிக்கட்டைப் பார்க்கிற அந்த நொடி. ஒரே நேர்கோட்டில் 462 படி, உச்சியில் பொட்டு போல ஒரு வெளிச்சம். கோடையில் வெளியிலிருந்து ஈரக்காற்று இறங்கிவிட்டால் நடுவில் மூட்டம் கட்டி அந்தப் பொட்டும் மறைந்துவிடும். படியோரம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்தான். இது யாருக்கெல்லாம் வாய்த்தது?

#2
462இல் முடிவதில்லை. உச்சிக்கு வந்தால் 143 மீட்டர் நடைபாதை. கீழே யுபிசோ ஆறு. அதைத் தாண்டி இன்னும் 24. ஆக 486. "முடிந்தது" என்று மூச்சு விட்டவர்கள் அந்த 24ஐப் பார்த்து நிற்கிற நிலைதான் எனக்கு டோஆய். படிகளிலேயே எண் எழுதியிருக்கிறது, எண்ண வேண்டியதில்லை.

#3
462ஓ 486ஓ, ஏறும் உயரம் சுமார் 70 மீட்டர். மலையேறுபவர்களுக்காகத் தோண்டியது என்று ஊரெல்லாம் சொல்வதுதான் தப்பு. 1931இல் திறந்த ஷிமிசு சுரங்கம் 9,702 மீட்டர், ஒற்றைத் தடம். ரயில் மலையைச் சுற்றி உயரம் ஏறி, டோஆயை மேலே தரையில் தொடும். ஆட்கள் ஏறி இறங்கும் நிலையமானது 1936இல். 1967இல் இரண்டாவது தடத்துக்குச் சுற்று வேண்டாமென்று 13,490 மீட்டருக்குப் புதிய சுரங்கத்தைத் தாழ்வாகவே குடைந்தார்கள். அது டோஆய்க்கு அடியில் போனது. நடைமேடையும் அடியிலேயே. பழைய தடம் தகாசாகி பக்கம் திரும்பும் ரயில்களுக்கு. படிக்கட்டுக்குப் பக்கத்தில் எஸ்கலேட்டருக்கு விட்ட இடம் இன்னும் காலி. 1982இல் ஷின்கான்சென் அதிவேக ரயில் வந்தது, 1985இல் நிலையத்தில் ஊழியரே இல்லை, இனி யார் வைப்பது?

#4
போகிறவர்களுக்கு. சுயிகா என்ற ரயில் கட்டண அட்டையைத் தட்டி ஏறாதீர்கள். அது மினாகாமி நிலையத்தோடு சரி, டோஆயில் தட்ட எந்திரம் கிடையாது. காகித டிக்கெட்தான். மினாகாமியிலிருந்து இரண்டாவது நிறுத்தம். ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான்; திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டு இறங்குங்கள். திரும்பும்போது கீழே போகவே கூடாது, தகாசாகி பக்கத்து நடைமேடை மேலே தரையில். தப்பான பக்கம் இறங்கி உணர்ந்து ஏறி வருவதற்குள் வண்டி போய்விடும். நாகாவோகா பக்கம் போவதானால் 10 நிமிடம் முன்பே இறங்கத் தொடங்குங்கள். ஊழியர் இருந்த காலத்தில் அந்தப் பக்கத்து ரயிலுக்கு 10 நிமிடம் முன்பே வாசலை அடைத்துவிடுவார்களாம். கோடையிலும் மேல்சட்டை ஒன்று. கேமராவைப் பைக்குள் வைத்தே மேலே வாருங்கள். குளிர்ந்த லென்ஸில் வெளிக்காற்று பட்டால் ஆவி படியும். ஐந்து படிக்கு ஒரு சமதளம் உண்டு, அங்கே நின்று மூச்சு வாங்கலாம். லிஃப்ட் இல்லை, சூட்கேஸை நீங்கள்தான் தூக்க வேண்டும். காரில் வந்து வேடிக்கை பார்க்க இறங்குகிறவர்கள் முழங்காலைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். இறங்குவது சுலபம், அதே படியில்தான் ஏறியாக வேண்டும்.

#5
சூட்கேஸைப் பற்றி யாரும் கேட்கவே இல்லையே! நடைபாதையில் கதவு ஏன் வைத்தார்கள் என்று யாராவது யோசித்தீர்களா? கீழே ரயில் நுழையும்போது தள்ளிவரும் காற்றுதான். #3க்கு: பக்கத்து யுபிசோ நிலையத்திலும் நாகாவோகா பக்கத் தடத்து நடைமேடை சுரங்கத்துக்குள்தான் இருக்கிறது. இத்தனை படி இல்லாததால் அதை யாரும் பேசுவதில்லை.