விண்ணப்பிக்காத கடன் நம் பெயரில் இருந்தால் முதலில் எங்கே போவது?

வேம்பு:
ஒருவர் கேட்காத கடன் அவர் கிரெடிட் அறிக்கையில் (அவருடைய கடன் வரலாற்றுப் பதிவில்) நிற்கிறது, அதே வாரத்தில் போனில் சில மணி நேரம் சிக்னலே இல்லை என்று வைத்துக்கொள்வோம். வங்கி, போலீஸ், கடன் கொடுத்த நிறுவனம் என எல்லா இடத்துக்கும் ஓட வேண்டும். எந்த வரிசையில்? தகராறு தீரும்வரை ஒரு தவணையைக் கட்டி வைத்தால் அந்த அறிக்கையை வைத்துப் போடும் கிரெடிட் ஸ்கோர் தப்புமா?

சாவிக்கொத்து:
சிம், மின்னஞ்சல், வங்கி. இதுதான் வரிசை. பணம் இப்போதே போய்க்கொண்டிருந்தால் மட்டும் கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்கச் சொல்வது முதல் வேலை.

சிம்முக்கு ஏன் முதலிடம்? சிக்னல் போனதற்கு, வேறொருவர் உங்கள் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றியது காரணமாக இருக்கலாம். உங்கள் எண்ணில் மோசடிக்காரன் மாற்று சிம் எடுத்திருந்தால், நீங்கள் பாஸ்வேர்டை மாற்ற மாற்ற அவன் 'மறந்துவிட்டேன்' என்பதை அழுத்தி ஓடிபி வாங்கிக்கொண்டே இருப்பான். வேறொரு போனிலிருந்து ஆபரேட்டரை அழைத்து, கடைசியாக எந்தத் தேதியில், எந்த நேரத்தில் சிம் மாற்றப்பட்டது என்று கேளுங்கள். நீங்கள் கேட்காத மாற்றம் இருந்தால் அந்த சிம்மை முடக்கச் சொல்லி, புகார் எண் வாங்குங்கள்.

மின்னஞ்சலில் பலரும் பாஸ்வேர்டை மாற்றியதோடு நின்றுவிடுகிறார்கள். அது போதாது. ஃபார்வர்டிங் (கடிதங்களை வேறு முகவரிக்கு அனுப்புவது), ஃபில்டர் (வரும் கடிதங்களைத் தானாகப் பிரிக்கும் விதி) இரண்டையும் திறந்து பாருங்கள். வங்கியிலிருந்து வரும் கடிதங்கள் நேராகக் குப்பைக்குப் போகும்படி ஒரு விதி எழுதிவைத்திருப்பான். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அழியாது. மீட்பு எண், மீட்பு முகவரி, இணைத்த ஆப்கள் எல்லாவற்றையும் சரிபார்த்து, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். இதையெல்லாம் வைரஸ் இல்லாத சாதனத்தில் செய்ய வேண்டும், இல்லையென்றால் புதுப் பாஸ்வேர்டும் அவன் கைக்கே போகும்.

பேரேடு:
தவணை கட்டாதீர்கள். ஒரு தவணை கட்டினாலும், கடனை நீங்களே ஒப்புக்கொண்டதாக அவர்கள் வாதாட இடம் கொடுத்ததாகிவிடும்.

போலீஸ் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள், அதன் நகலைத்தான் எல்லோரும் கேட்பார்கள். பிறகு கடன் நிறுவனத்துக்கு எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். விண்ணப்பப் படிவம், இணைத்த அடையாள ஆவணங்கள், கொடுத்த போன் எண், விண்ணப்பித்த ஐபி முகவரி (எந்த இணைய இணைப்பிலிருந்து என்று காட்டும் எண்) ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். முக்கியமாக, பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று கேளுங்கள். அந்தக் கணக்கு உங்களுடையது இல்லை என்பதைவிட வலுவான ஆதாரம் கிடைப்பது அரிது. போனில் பேசினால் தேதி, பேசியவர் பெயர், புகார் எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் அறிக்கையைத் தயாரிக்கும் கிரெடிட் நிறுவனத்துக்கும் தனியாக மறுப்பு அனுப்ப வேண்டும். உங்கள் நாட்டில் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றிலும் அறிக்கை எடுங்கள், ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. கணக்குகளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட வேண்டாம். உங்கள் அறிக்கையை யார், எந்தத் தேதியில் கேட்டார்கள் என்ற 'என்கொயரி' பட்டியல் உள்ளே இருக்கும். புதுக் கடன் கணக்காகப் பதிவாவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், என்கொயரி அதற்கு முன்பே தெரிந்துவிடும். அடுத்த கடன் எங்கே கேட்கப்பட்டிருக்கிறது என்பதை அங்கேதான் பிடிக்க முடியும்.

வேம்பு:
கிரெடிட் ஃப்ரீஸ் போட்டால் பழைய கார்டும் நின்றுவிடுமா?

பேரேடு:
நிற்காது. ஃப்ரீஸ் வசதி உள்ள நாடுகளில், புதிதாகக் கடன் தர வருபவர் உங்கள் அறிக்கையைப் பார்ப்பதைத்தான் அது தடுக்கும். பழைய கார்டு வழக்கம்போல் ஓடும், அதனால் அதில் நடக்கும் திருட்டையும் அது தடுக்காது. அதற்கு கார்டை மாற்றித்தான் ஆக வேண்டும். நீங்களே கடன் கேட்கும்போது சில நாள் திறந்துவிட்டு மறுபடி மூடலாம்.

சாவிக்கொத்து:
ஒன்றை விட்டுவிட்டேன். எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதில் 30 வினாடிக்கு ஒருமுறை எண் மாறும் ஆப் வைத்தால் சிம் திருட்டு பலிக்காது. ஆனால் போலித் தளத்தில் நீங்களே அந்த எண்ணைத் தட்டினால் அதுவும் போய்விடும். பாஸ்வேர்டுக்குப் பதில் சாதனத்தில் இருக்கும் சாவியான பாஸ்கீ, உண்மையான தள முகவரியில் மட்டுமே வேலை செய்யும் என்பதால் மின்னஞ்சலுக்கு அதையே வையுங்கள்.

பேரேடு:
கடன் ரத்தானதும் "இந்தக் கடனுக்கு இவர் பொறுப்பில்லை" என்று எழுத்தில் வாங்கி, பல ஆண்டுகள் பத்திரமாக வையுங்கள். வாராக்கடனை வசூல் நிறுவனங்களுக்கு விற்கும்போது தீர்ந்த கணக்கும் அவற்றோடு சேர்ந்து போய்விடுவதுண்டு. அப்போது வாசலுக்கு வருபவரிடம் காட்ட அந்தக் கடிதம் வேண்டும்.