கடை கம்ப்யூட்டர் திரையில் கடிகாரம், மஞ்சள் சீட்டு எதுவும் காணோம். அவசரம்!!

பூக்கடைப்பையன்: அப்பாவின் கம்ப்யூட்டரை நேற்று சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கினோம். வலப்பக்கம் வட்டக் கடிகாரம், வெயில் காட்டும் பெட்டி, மஞ்சள் சீட்டெல்லாம் இருக்கும். இப்போது வெறும் நீலத் திரை. அப்பா சத்தம் போடுகிறார். திரும்பக் கொண்டுவர வழி சொல்லுங்கள். கடை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில், விடியுமுன் திறக்கணும்.

செல்லூரான்: எந்த விண்டோஸ்? சர்வீஸ் என்றால் தூசி தட்டினார்களா, எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் அடித்தார்களா?

தெப்பக்குளம்77: மதர்போர்டு பேட்டரி போயிருக்கும். எனக்கும் கரண்ட் போய்ப் போய் வந்ததில் கடிகாரம் இப்படித்தான் ஆனது. காசு மாதிரி வட்டமாக இருக்கும், மாற்றுங்கள்.

செல்லூரான்: அண்ணே, பேட்டரி போனால் நேரம்தான் தப்பும். கடிகாரமே எப்படிக் காணாமல் போகும்?

தெப்பக்குளம்77: எதற்கும் மாற்றட்டும்.

பெங்குயின்பாண்டி: தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கமே யாருக்கும் கிடையாது. திரையில் ஒட்டியிருக்கும் அந்தக் குட்டிப் பெட்டிகளின் பெயர் கேட்ஜெட். 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. 2012இல் பாதுகாப்பு ஓட்டை என்று மைக்ரோசாஃப்டே அணைக்கச் சொன்னது, விண்டோஸ் 8இல் தூக்கியே விட்டது. நான் விண்டோஸையே விட்டுவிட்டு, லினக்ஸில் இதே மாதிரி திரையில் காட்டும் காங்கி போட்டு நிம்மதியாக இருக்கிறேன்.

வைகைக்கரை: விட்ஜெட் என்பதுதான் சரியான பெயர். 2005இல் ஆப்பிள் தன் மேக் கம்ப்யூட்டரில் டாஷ்போர்டு என்ற திரையில் கொண்டுவந்தது.

பெங்குயின்பாண்டி: 2003இலேயே மேக்கில் இதே வேலைக்குக் கான்ஃபாபுலேட்டர் என்ற சாஃப்ட்வேர் வந்தாயிற்று. ஆப்பிள் அதைப் பார்த்து அடித்த காப்பி.

வைகைக்கரை: 1984இல் முதல் மேக்கிலேயே கால்குலேட்டர், அலாரம், கட்டம் நகர்த்தும் புதிர் எல்லாம் டெஸ்க் அக்சஸரி என்று இருந்தன. யார் யாரைக் காப்பி அடித்தது?

செல்லூரான்: ரெண்டு பேரும் தனியாகப் போய்ச் சண்டை போடுங்கப்பா. மதுரையில் வெயில் பார்க்கப் பெட்டி வேறு! தம்பி, எங்கே போனீர்கள்?

பூக்கடைப்பையன்: மார்க்கெட்டில் இருந்தேன். முன்னே விண்டோஸ் 7, இப்போது 10 போட்டிருக்கிறார்கள். கடிகாரம் போனால் போகிறது. மல்லிக்கு யார் யாருக்கு அட்வான்ஸ் கொடுத்தது என்று அப்பா மஞ்சள் சீட்டில்தான் அடித்து வைத்திருந்தார். உசிலம்பட்டி, திருமங்கலம் ஆட்கள் கணக்கு முழுக்க அதில்.

செல்லூரான்: இதை முதலில் சொல்ல வேண்டாமா! அந்த மஞ்சள் சீட்டு கேட்ஜெட்டே இல்லை, ஸ்டிக்கி நோட்ஸ் என்ற தனி புரோகிராம். சி டிரைவில் பழைய விண்டோஸ் ஃபைல்கள் கிடக்கும் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டர் இருக்கிறதா? இருந்தால் இப்போதே பென் டிரைவில் எடுங்கள், சில நாளில் விண்டோஸே அழித்துவிடும். உள்ளே யூசர்ஸ், அப்பா பெயர், ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், ஸ்டிக்கி நோட்ஸ் என்று போங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூவில் ஹிடன் ஐட்டம்ஸ் டிக் போடுங்கள். அங்கே ஒரே ஒரு எஸ்.என்.டி. (.snt) ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறந்தால் பாதி குப்பையாகத் தெரியும். அப்பா இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தால் நடுவில் பேரும் தொகையும் படிக்கலாம். ஃபோல்டரே இல்லை என்றால் உடனே அணைத்துவிட்டு அழிந்த ஃபைலை மீட்கும் ரிகவரி தெரிந்தவரிடம் போங்கள்.

பெங்குயின்பாண்டி: பேக்கப் எடுக்காமல் கொடுத்தது யார் தப்பு?

பூக்கடைப்பையன்: ஓல்டு இருந்தது அண்ணே. பேரெல்லாம் வந்துவிட்டது, அப்பா நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். நன்றி.

தெப்பக்குளம்77: பேட்டரி மாற்றினீர்களா?