ஜோட் குடும்பம் யாருடைய கதை? ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவல் குறித்து ஒரு விவாதம்

வெண்கலமணி எழுதியது:

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலை இந்த மாதம் இரண்டாம் முறையாக வாசித்து முடித்தேன். 1939 ஏப்ரலில் வெளிவந்து, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற நூல். வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓக்லஹோமாவில் குத்தகை நிலத்தை இழந்த ஜோட் குடும்பம், பழைய ஹட்சன் கார் ஒன்றின் பின்பகுதியை வெட்டி லாரியாக்கிக்கொண்டு, 66ஆம் எண் நெடுஞ்சாலை வழியாகக் கலிபோர்னியாவுக்குப் பழம் பறிக்கப் போகிறது. தாத்தாவும் பாட்டியும் வழியிலேயே இறந்துபோகிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் வேலையும் நிலையில்லை, மரியாதையும் இல்லை. கல்லூரிக் காலத்தில் கண் கலங்க வாசித்த எனக்கு, இம்முறை ஆசிரியர் மீதே கோபம் வந்தது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது புழுதி. ஜோட் குடும்பத்தின் ஊர் சாலிசாவுக்குப் பக்கம்; அது மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், ஆர்கன்சாஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது. 1930களின் பெரும் புழுதிப் புயல்கள் சுழன்றடித்ததோ மேற்கே கைப்பிடி போல நீண்டு கிடக்கும் பகுதியிலும் அதைச் சுற்றிய கன்சாஸ், கொலராடோ, டெக்சஸ் மாவட்டங்களிலும்தான். நாவலின் முதல் அத்தியாயமே புழுதியில் தொடங்குவதால், ‘புயல் வந்தது, உழவன் ஓடினான்’ என்ற படம் உலகம் முழுவதும் பதிந்துவிட்டது.

இரண்டாவது இதைவிடக் கடுமையானது. கலிபோர்னியப் பண்ணைகளில் சீனர், ஜப்பானியர், மெக்சிகோக்காரர், பிலிப்பினோக்கள் என்று தலைமுறை தலைமுறையாக ஆட்கள் நசுக்கப்பட்டு வந்தார்கள். 1933இல் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் நடந்த மாபெரும் பருத்தி வேலைநிறுத்தத்தில் பெரும்பான்மையோர் மெக்சிகோக்காரர்கள். பிக்ஸ்லி என்னும் ஊரில் அவர்கள் மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது. அப்போது அசையாத தேசத்தின் மனசாட்சி, வெள்ளைக் குடும்பம் ஒன்று கூடாரத்தில் படுத்த பிறகுதான் அசைந்தது. அந்த ஓரவஞ்சனைக்கு இலக்கிய அந்தஸ்து வாங்கிக் கொடுத்தது இந்த நாவல் என்பதே என் தரப்பு.

கரிசல்மண் எழுதியது:

புவியியல் பிழையை ஒப்புக்கொள்கிறேன். அதை மறுப்பவர் வரைபடத்தைப் பார்க்காதவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நாவலில் ஜோட் குடும்பத்தை வெளியேற்றுவது புழுதியா என்பதை நண்பர் மறுபடியும் பார்க்க வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தில் வருவது டிராக்டர். ஒரு நாளைக்கு மூன்று டாலர் சம்பளத்துக்கு அதை ஓட்டி வருகிறவன் அதே ஊர்க்காரனின் மகன். வீட்டை இடிக்க வருகிறவனைச் சுட்டுவிடுவேன் என்கிறார் குத்தகைக்காரர். என்னைச் சுட்டால் நாளைக்கு வேறொருவன் வருவான், எனக்கு உத்தரவு வங்கியிலிருந்து வருகிறது, வங்கிக்கோ கிழக்கிலிருந்து வருகிறது என்கிறான் அவன். அப்படியானால் யாரைத்தான் சுடுவது என்ற கேள்வி விடையில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது.

கிழக்கு ஓக்லஹோமாவில் உண்மையில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். பருத்தி விலை விழுந்தது. 1933ஆம் ஆண்டின் வேளாண் சீரமைப்புச் சட்டம், பயிரிடும் பரப்பைக் குறைத்தால் பணம் தருவதாகச் சொன்னது. பணம் பெரும்பாலும் நிலச்சொந்தக்காரர் கைக்கே போனது. குறைக்கப்பட்ட பரப்பில் உழுதுகொண்டிருந்த குத்தகைக்காரரும் வாரக்குடியும் தேவையற்றவர்கள் ஆனார்கள். வந்த பணத்தில் டிராக்டரும் வாங்க முடிந்தது. ஆகவே புழுதியைத் தவறான ஊரில் கிளப்பிய ஸ்டைன்பெக், வெளியேற்றத்தின் காரணத்தைச் சரியான ஊரில்தான் வைத்திருக்கிறார். வறட்சி மட்டுமே காரணம் என்று நினைப்பவர்கள் முதல் அத்தியாயத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன்.

எனக்கு இந்நாவலின் உயிர் அதன் கூலிக் கணக்கில் இருக்கிறது. பதினாறாம் அத்தியாயத்தில், கலிபோர்னியாவிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கும் கந்தல் உடைக்காரர் ஒருவர், வேலைக்கு ஆள் தேடும் துண்டறிக்கையின் சூட்சுமத்தை விளக்குகிறார். பண்ணைக்காரனுக்கு வேண்டியவர்கள் 800 பேர். அவன் அடிப்பது 5,000 நோட்டீஸ். அதை 20,000 பேர் பார்க்கிறார்கள். இரண்டாயிரம் மூவாயிரம் பேர் கிளம்பி வந்து சேர்கிறார்கள். பிறகு கூலியை அவன் பேச வேண்டியதே இல்லை, பசியே பேசிவிடும். அந்த மனிதரின் இரண்டு குழந்தைகள் பசியால் செத்திருக்கிறார்கள். இறப்புச் சீட்டில் அதிகாரி எழுதியது ‘இதயம் நின்றது’ என்று. இந்த ஒரு பக்கத்துக்கு ஈடாகப் பொருளியல் பாடநூலில் ஒரு முழு அத்தியாயம் வேண்டியிருக்கும்.

மூன்றாம்படி எழுதியது:

வெண்கலமணி ஐயாவின் இரண்டாவது குற்றச்சாட்டுக்கு நூலுக்குள்ளேயே ஓரளவு பதில் இருக்கிறது. பத்தொன்பதாம் அத்தியாயம், கலிபோர்னியா ஒரு காலத்தில் மெக்சிகோவுக்குச் சொந்தமாக இருந்தது என்றும், நிலப்பசி கொண்ட அமெரிக்கர்கள் வந்து அதைப் பறித்துக்கொண்டார்கள் என்றும்தான் தொடங்குகிறது. சீனர், ஜப்பானியர், மெக்சிகோக்காரர், பிலிப்பினோக்கள் அடிமைகளைப் போல இறக்குமதி செய்யப்பட்டதையும், குரல் உயர்த்தினால் நாடு கடத்திவிடலாம் என்று முதலாளிகள் பேசிக்கொண்டதையும் அங்கேயே எழுதியிருக்கிறார். தெரியாமல் விட்டார் என்று சொல்வதற்கில்லை.

ஆனால் என் வருத்தம் வேறோர் இடத்தில் இருக்கிறது. சனோரா பாப் என்ற பெயர் இவ்விவாதத்தில் இன்னும் வரவில்லை. ஓக்லஹோமாவின் அந்தக் கைப்பிடிப் பகுதியில் வளர்ந்தவர். 1938இல் கலிபோர்னியாவின் அரசு முகாம்களில் டாம் காலின்சோடு சேர்ந்து அகதிக் குடும்பங்களுக்கு வேலை செய்தவர். காலின்ஸ் என்பவர் ஸ்டைன்பெக் தம் நாவலைக் காணிக்கையாக்கிய இருவரில் ஒருவர். மற்றவர் மனைவி கேரல். பாப் எழுதி வைத்திருந்த களக்குறிப்புகள் காலின்ஸ் மூலம் ஸ்டைன்பெக்கின் கைக்குப் போயின என்பார்கள்; அவர் அவற்றை எந்த அளவுக்குப் பயன்படுத்தினார் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பாப்பும் இதே மக்களைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்துக்கு அது பிடித்தும் இருந்தது. ஸ்டைன்பெக்கின் நூல் வந்து சந்தையை அள்ளிக்கொண்டதும், அதே பொருளில் இன்னொன்று விற்காது என்று நிறுத்திவிட்டார்கள். அந்நாவல் அச்சேறியது 2004இல்; அப்போது அவருக்கு வயது 97. புழுதியைத் தின்று வளர்ந்த ஒரு பெண் சரியான ஊரிலிருந்து எழுதிய கதை 65 ஆண்டுகள் பெட்டியில் கிடந்தது. நிலத்தை இழந்தவர்களைப் பற்றிய நூல்களுக்குள்ளும் இடத்தை இழந்தவர் ஒருவர் இருந்திருக்கிறார்.

ஈரநிலம் எழுதியது:

எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். வெந்நீரும் கழிப்பறையும் தேர்ந்தெடுத்த குழுவுமாக ஓர் அரசு முகாம் வருகிறதே, அது ரூஸ்வெல்ட் ஆட்சிக்கான விளம்பரம் அல்லாமல் வேறென்ன? கதையே அங்கே போய்த்தானே ஆறுதல் அடைகிறது?

கரிசல்மண் எழுதியது:

ஈரநிலம் அவர்களே, நீங்கள் சொல்வது 1940இல் வந்த ஜான் ஃபோர்டின் திரைப்படம். அதில்தான் வரிசையை மாற்றி, அரசு முகாமைக் கடைசிக்குக் கொண்டுபோய், நம்பிக்கையான வசனத்தோடு முடித்தார்கள். நாவலில் முகாம் முதலில் வருகிறது. அதன் பிறகுதான் பீச் தோட்டம், பருத்திக்காடு, வெள்ளம். சுத்தமான கழிப்பறையைக் கொடுத்த முகாமால் வேலை கொடுக்க முடியவில்லை. மாவும் கொழுப்பும் தீரப் போகின்றன என்று தாய்தான் எல்லோரையும் கிளப்புகிறாள். மானத்தை மீட்டுக்கொடுத்து வயிற்றைக் காயவிட்ட இடம் என்று காட்டுவது விளம்பரம் ஆகுமா?

முகாம் கற்பனையும் அல்ல. கெர்ன் மாவட்டத்தில் ஆர்வின் அருகே அது இருந்தது. வீட்பேட்ச் என்று மக்கள் அழைத்தார்கள். ஸ்டைன்பெக் 1936இலேயே அங்கே போய் வந்து, அந்த அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் ஏழு கட்டுரைகள் எழுதினார். அதே கெர்ன் மாவட்ட நிர்வாகக் குழுதான் 1939 ஆகஸ்டில் இந்நாவலைத் தன் நூலகங்களிலும் பள்ளிகளிலும் வைக்கக் கூடாது என்று நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் தடை செய்தது. மாவட்டத் தலைமை நூலகர் கிரெட்சன் க்னீஃப் எதிர்த்துக் கடிதம் எழுதியும் 1941 வரை தடை நீடித்தது. பொய் என்று நினைத்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

வெண்கலமணி எழுதியது:

கெர்ன் மாவட்டத்தை இழுத்ததற்கு நன்றி. என் வாதத்தையே அங்கிருந்து தொடர்கிறேன்.

ஜோட் குடும்பத்தைப் போன்றவர்கள் பின்னர் என்ன ஆனார்கள்? போர் வந்தது, கப்பல் கட்டும் தளங்களும் விமானத் தொழிற்சாலைகளும் ஆட்களைக் கேட்டன, அவர்களில் பலர் வயலை விட்டு ஏறிப் போனார்கள். காலியான இடத்துக்கு 1942 முதல் பிராசெரோ ஒப்பந்தத்தின் கீழ் மெக்சிகோவிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1930களில் இதே நாடு லட்சக்கணக்கான மெக்சிகோ வம்சாவளியினரை, அங்கேயே பிறந்த குடிமக்களையும் சேர்த்து, ரயிலேற்றி எல்லைக்கு அப்பால் அனுப்பியிருந்தது என்பதையும் இதோடு வைத்துப் பாருங்கள். 1935ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் சங்கம் அமைக்கும் உரிமையைக் கொடுத்தபோது பண்ணைத் தொழிலாளரை மட்டும் பெயர் சொல்லி விலக்கியது. கலிபோர்னியாவில் அந்த உரிமை சட்டமாக 1975 ஆயிற்று. அதை வாங்கித் தந்த போராட்டம் 1965 செப்டம்பரில் திராட்சைத் தோட்டங்களில் தொடங்கியது. இடம் டெலானோ; அதுவும் கெர்ன் மாவட்டமே. முதலில் வேலையை நிறுத்தியவர்கள் லாரி இட்லியாங் தலைமையிலான பிலிப்பினோக்கள். சில நாட்களில் சீசர் சாவேசின் மெக்சிகோத் தொழிலாளர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஸ்டைன்பெக் தலைப்பில் வைத்த திராட்சையை உண்மையில் பறித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அவருடைய 30 அத்தியாயங்களில் அவர்களுக்குக் கிடைத்தவை சில பத்திகள். மூன்றாம்படி அவர்கள் சொல்வது போல அவர் அறிந்தே இருந்தார் என்றால், அறியாமை என்ற சலுகையையும் நான் அவருக்குத் தர வேண்டியதில்லை.

மூன்றாம்படி எழுதியது:

இதை மறுக்க என்னிடம் சரக்கு இல்லை. ஆயினும் ஒன்று கேட்கிறேன். ஓக்கி என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். ஓக்லஹோமாக்காரர் என்ற பொருளில் இருந்த சொல் கலிபோர்னியாவில் வசைச்சொல் ஆகிவிட்டது என்று ஆற்றங்கரையில் ஒருவர் ஜோட் குடும்பத்து மகன் டாமிடம் சொல்கிறார். நேற்றுவரை பிறரை இழிவாகப் பார்த்திருக்கக்கூடிய வெள்ளை உழவனையே அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது, அன்றைய வாசகருக்கு ஓர் அதிர்ச்சியாக இருந்திருக்காதா? தோலின் நிறம் காப்பாற்றாது என்பதைத் தோலின் நிறத்தை நம்பியவர்களுக்குக் காட்ட வேறு வழி இருந்ததா?

வெண்கலமணி எழுதியது:

இருந்தது, அம்மா. பக்கத்துக் கூடாரத்தில் ஒரே ஒரு மெக்சிகோக் குடும்பத்தைக் குடிவைத்திருந்தால் போதும். இரண்டு தாய்மார்களும் ஒரே குழாயடியில் நின்றிருப்பார்கள்.

இன்னொரு குறையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கொடுமைக்குப் பின்னும் ஒரு நல்ல மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தாமல் ஸ்டைன்பெக்கால் இருக்க முடிவதில்லை. பீச் தோட்டத்துக் கடையில் குமாஸ்தா சர்க்கரைக்காகத் தன் பத்து சென்ட்டைக் கல்லாவில் போடும் காட்சி அப்படிப்பட்ட ஒன்று. கண்ணீருக்காக வைத்த காட்சி.

கரிசல்மண் எழுதியது:

குழாயடி பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அது நாவலின் ஓட்டை. கடைக்காட்சியில் மட்டும் உடன்படவில்லை. அதை மெதுவாக ஒருமுறை வாசியுங்கள்.

குடும்பம் முழுவதும் நாளெல்லாம் பறித்தது 20 பெட்டி. பெட்டிக்கு 5 சென்ட். ஆக ஒரு டாலர். அது பணமாகக் கூடக் கைக்கு வரவில்லை, கடைச் சீட்டாக வந்தது. நகரத்தில் 12 சென்ட்டுக்கு விற்கும் ரொட்டி பண்ணைக் கடையில் 15. நகரத்துக்கே போய் வாங்கிக்கொள் என்றால், போய்வர ஒரு காலன் பெட்ரோல் ஆகும். இறைச்சி, ரொட்டி, உருளைக்கிழங்கு, காப்பித்தூள் என்று வாங்கியதில் டாலர் தீர்ந்துபோகிறது, சர்க்கரை இன்னும் வாங்கவில்லை. கடன் கொடுத்தால் குமாஸ்தாவின் வேலை போய்விடும். அதனால் அவன் தன் காசைக் கல்லாவில் போட்டுவிட்டு, அடுத்த சீட்டு கொண்டுவரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். அது தானம் அல்ல, கடன். வாயிலில் போலீஸ் காவலோடு இவர்களை உள்ளே கொண்டுவந்ததற்குக் காரணமும் அன்றிரவுதான் டாமுக்குத் தெரியவருகிறது: வெளியே வேலைநிறுத்தம் நடக்கிறது, தங்களுக்கே தெரியாமல் இவர்கள் கருங்காலிகள் ஆகியிருக்கிறார்கள். வேலைநிறுத்தத்தை நடத்திய கேசி, ஊரிலிருந்து இவர்களோடு வந்த முன்னாள் பிரசங்கியார், அன்றிரவே அடித்துக் கொல்லப்படுகிறார். மறுநாள் கூலி பெட்டிக்கு இரண்டரை சென்ட்.

முந்தின நாள் இரண்டு பெட்டியில் அடைந்திருக்கும் அந்தச் சர்க்கரைக் கடனுக்கு இப்போது நான்கு பெட்டி பறிக்க வேண்டும்.