ஆலன் மாலுக்குப் பிறகு: அவரவர் பார்த்தது

(துப்பாக்கிச் சட்டம் பற்றி அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் தமிழர்கள் சிலர் சொன்னவை)

பிளேனோவிலிருந்து:

2023 மே 6, சனிக்கிழமை. இங்கே டெக்சாஸில், ஆலன் ஊரின் பிரீமியம் அவுட்லெட்ஸ் மாலில் பையனுக்கு ஷூ பார்த்துக்கொண்டிருந்தோம். மதியம் மூன்றரை தாண்டியிருக்கும். முதல் சத்தம் கேட்டபோது யாரோ இரும்பு ரேக்கைச் சரித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கடையில் வேலை பார்த்த பெண், காலேஜ் படிக்கிற வயதுதான் இருக்கும், கிடைத்தவர் கையையெல்லாம் பிடித்து இழுத்து ஸ்டாக் ரூமுக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினாள். கூரை வரை ஷூ பெட்டிகள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டாம் வகுப்பு படிக்கிற என் மகனுக்குத் தெரிந்திருந்தது. ஸ்விட்சைத் தேடிப்போய் லைட்டை அணைத்தான். கதவிலிருந்து தெரியாத மூலையாகப் பார்த்துக் காலை மடக்கி உட்கார்ந்தான். நான் போனில் பேச வாயெடுத்ததும் உதட்டில் விரலை வைத்து முறைத்தான். சுடுகிறவன் வந்தால் 'லாக்ஸ், லைட்ஸ், அவுட் ஆஃப் சைட்' (பூட்டு, விளக்கை அணை, கண்ணில் படாதே) என்று பள்ளியில் பழக்கிவிட்டிருக்கிறார்கள். நாம் அந்த வயதில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம்.

எங்களை வெளியே விட்டபோது எல்லோரும் கைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நடந்தோம். செத்தவர்கள் எட்டுப் பேர். அதில் மூன்று குழந்தைகள். ஹைதராபாத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்த்த ஓர் இளம் பெண் பொறியாளரும் உண்டு. சுட்டவனிடம் எட்டுத் துப்பாக்கிகள், எல்லாம் சட்டப்படி வாங்கியவை என்று அதிகாரிகளே சொன்னார்கள்.

கெட்டவன் துப்பாக்கியோடு வந்தால் நல்லவன் ஒருவன் துப்பாக்கியோடு இருந்தால் போதும் என்று இங்கே ஒரு வாதம் உண்டு. அன்றைக்கு இருந்தார். வேறு வேலையாக அங்கே வந்திருந்த போலீஸ்காரர், சத்தம் கேட்டு ஓடிப்போய் நாலைந்து நிமிடத்தில் அவனை வீழ்த்திவிட்டார். அதைவிட வேகமாக யாரால் வர முடியும்? அதற்குள் எட்டு உயிர்.

ஆஸ்டினிலிருந்து:

ஆலன் நடந்து இரண்டாவது நாள், மே 8, நான் இங்கே கேபிடலில், அதாவது டெக்சாஸ் சட்டசபைக் கட்டடத்தில் இருந்தேன். யுவால்டே ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்கள் மாதக்கணக்காக அலைந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஏஆர்-15 மாதிரி நீளத் துப்பாக்கி (ரைஃபிள்) வாங்கும் வயதை 18-இலிருந்து 21 ஆக்குங்கள். 2022 மே 24-இல் அந்த ஊர் ராப் தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியர்களையும் கொன்றவன், 18 முடிந்த சில நாட்களிலேயே கடையில் போய் வாங்கியிருந்தான். கைத்துப்பாக்கி கேட்டிருந்தால் 21 ஆகட்டும் என்று அதே கடையில் அனுப்பியிருப்பார்கள். மத்திய சட்டம் அப்படி.

அன்றைக்கு யாரும் எதிர்பாராமல் கமிட்டியில் 8-5 என்று மசோதா தேறியது. இரண்டு குடியரசுக் கட்சிக்காரர்களும் ஆதரித்தார்கள். பெற்றோர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்தேன். அவையில் ஓட்டுக்கு விடும் பட்டியலில் மசோதாவைச் சேர்க்க மறுநாள்தான் கடைசி நாள். சேர்க்கவில்லை, அவ்வளவுதான். நம்ம ஊர் சட்டசபையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். எதிர்த்து ஓட்டுப் போட்டுக் கெட்ட பெயர் வாங்குவானேன்?

சுகர்லேண்டிலிருந்து:

நான் துப்பாக்கி வைத்திருப்பவன். நகைக்காக நம்மவர்கள் வீடுகளாகப் பார்த்துத் திருடர்கள் கொள்ளையடித்த சமயத்தில் வாங்கினேன். பெட்டகத்தில் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். என்னைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.

கன் ஷோவுக்கு, அதாவது துப்பாக்கிச் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு மேஜையில் லைசென்ஸ் உள்ள டீலர்: படிவம், அடையாள அட்டை, எஃப்பிஐ மூலம் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு. நாலு மேஜை தள்ளி, தன் சொந்தத் துப்பாக்கியை விற்க வந்த ஒரு பெரியவர். வாங்க வந்தவனின் டிரைவிங் லைசென்ஸைப் பார்த்தார், நோட்டை எண்ணினார், எடுத்துக் கொடுத்துவிட்டார். வீட்டுக் கொல்லையில் வாழைத்தார் விற்கிற மாதிரி. டெக்சாஸில் அது சட்டப்படி சரி. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2013-இல், நியூடவுன் பள்ளிக் கொலைகளுக்குப் பிறகு, வாஷிங்டனில் செனட்டில் முயன்றார்கள். 54 பேர் ஆதரித்தும் 60 வேண்டும் என்று விழுந்தது. எனக்குச் சோதனை வைத்தால் எல்லோருக்கும் வை. இதில் என் உரிமை எங்கே பறிபோகிறது?

அரோராவிலிருந்து, இல்லினாய்ஸ்:

டெக்சாஸ்காரர்கள் எங்கள் மாநிலத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டாம். இங்கே துப்பாக்கி வைத்திருக்கவே மாநில அட்டை வேண்டும். 2019 பிப்ரவரி 15-இல் எங்கள் ஊர்க் கிடங்கில் ஒருவன் சக ஊழியர்கள் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றான். அன்று அலுவலகத்தில் எங்களையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள், ஜன்னல் வழியே ஹெலிகாப்டர் மட்டும் தெரிந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அவனுக்கு 1995-இலேயே மிசிசிப்பியில் கொடுங்குற்றத் தண்டனை உண்டு. அது இங்கே சோதனையில் சிக்கவில்லை. அட்டையும் கிடைத்தது, துப்பாக்கியும் வாங்கிவிட்டான். பிறகு கைரேகை வைத்து இன்னொரு அனுமதிக்கு விண்ணப்பித்தபோது விஷயம் வெளியே வந்து அட்டையை ரத்து செய்தார்கள். துப்பாக்கியை யாரும் போய் வாங்கி வரவில்லை. ஐந்து வருடம் அவனிடமே இருந்தது.

ஒரு மாநிலத்தின் காகிதம் இன்னொரு மாநிலத்துக்குப் போகாது, துப்பாக்கி மட்டும் போகும். சிகாகோவிலிருந்து இண்டியானா எல்லை அரை மணி நேரம். இதற்குத்தான் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் கேட்கிறோம்.

மெல்பர்னிலிருந்து:

ஆஸ்திரேலியாவிலும் துப்பாக்கிச் சட்டம் மாநிலங்கள் கையில்தான். 1996 ஏப்ரல் 28-இல் போர்ட் ஆர்தரில் ஒருவன் சுட்டு 35 பேர் செத்தார்கள். பிரதமர் ஜான் ஹோவர்ட், பழமைவாதி, 12 நாளில் எல்லா மாநிலங்களையும் உட்கார வைத்து ஒப்புக்கொள்ள வைத்தார். அரசே காசு கொடுத்து ஆறு லட்சத்துக்கும் மேல் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கி உடைத்தது. அதற்காக எங்கள் மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) வரியைக் கொஞ்ச காலம் கூட்டினார்கள். முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம்.

ஃப்ரிஸ்கோவிலிருந்து:

படிக்கவே கை நடுங்குகிறது அக்கா. நாங்கள் எச்1பி வேலை விசாவில் இருக்கிறோம். கிரீன் கார்டு எப்போது வருமோ, ஓட்டு அதற்கப்புறம். சட்டத்தை மாற்றச் சொல்லி நாங்கள் எம்பி (காங்கிரஸ் உறுப்பினர்) ஆபீசுக்குப் போன் செய்தால் பிரச்சினை வருமா?

பிளேனோவிலிருந்து:

வராதும்மா. நானும் விசாவில் இருந்தபோதே செய்திருக்கிறேன். இந்த ஊரில் குடியிருப்பவர் யாரானாலும் பேசலாம். பெயரும் ஜிப் கோடும் கேட்பார்கள், விசா கேட்பதில்லை. பெரும்பாலும் சின்னப் பையனோ பெண்ணோ எடுத்துக் குறித்துக்கொள்வார்கள். 'ஏதாவது செய்யுங்கள்' என்று சொன்னால் ஒன்றும் குறிக்க மாட்டார்கள். 'தனியாள் விற்பனைக்கும் பின்புலச் சோதனை வேண்டும், வயதை 21 ஆக்க வேண்டும், நீங்கள் ஆதரிப்பீர்களா மாட்டீர்களா' என்று கேள். யுவால்டேக்கு அடுத்த மாதமே வந்த 2022 சட்டத்தில் 21 வயதுக்குக் கீழ் வாங்குபவர்களுக்குக் கூடுதல் சோதனை சேர்ந்தது. ஏறக்குறைய முப்பது வருடத்தில் வாஷிங்டன் கொடுத்த பெரிய விஷயம் அதுதான். செனட்டர் ஆபீசையும் விடாதே, நம் மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்கள், இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பேசு. வாய்ஸ்மெயில் போனால் அதிலும் ஜிப் கோடைச் சொல்லிவிடு, இல்லாவிட்டால் கணக்கில் சேராது.